குட்டி சுர்ரோஸ்: என்கிட்ட திரும்பத் திரும்பக் கேட்ட டவுட்டெல்லாம் ஒரே இடத்துல

போன லீவுல ஒரு சாயங்காலம் எங்க அபார்ட்மென்ட் பசங்களுக்கு பட்டைச் சர்க்கரை போட்ட குட்டி சுர்ரோஸ் செஞ்சு குடுத்தேன். அவ்ளோதான், அன்னைலேர்ந்து அவங்க அம்மாங்க, எங்க அக்கா, நாத்தனார், நாத்தனாரோட ஃப்ரெண்டுன்னு வரிசையா ஃபோன். எல்லாருக்கும் அதே பதில வாய்ஸ் நோட்ல சொல்லிச் சொல்லி தொண்டை போச்சு, அதான் எழுதி வச்சுட்டேன். கேள்வி எல்லாம் அவங்க கேட்ட மாதிரியே இருக்கு, நான் மாத்தல.

சுர்ரோஸ்னா என்னக்கா, இனிப்பு முறுக்கா?

பாக்க அப்படித்தான் இருக்கும், சாப்பிட்டா இல்ல. முறுக்கு முழுசும் மொறுமொறுன்னு இருக்கணும், இது மேல மட்டும் மொறுமொறு, உள்ள கொஞ்சம் ஈரமா மெத்துன்னு இருக்கணும். கொதிக்கிற தண்ணில மைதாவக் கொட்டிக் கிளறி, நட்சத்திர அச்சுல புழிஞ்சு எண்ணெய்ல பொரிக்கிறது, விஷயம் அவ்ளோதான்.

ஊரு ஸ்பெயின். அங்க காலைல இல்லன்னா ராத்திரி லேட்டா, கெட்டியான சூடு சாக்லேட்ல தொட்டு சாப்பிடுவாங்க, மாட்ரிட்ல சான் ஹினேஸ்னு ஒரு கடை 1894லேர்ந்து இதையே வித்துட்டு இருக்கு. ஆனா அங்க பெரும்பாலும் வெறுமனயோ வெள்ளைச் சர்க்கரை தூவியோ தான் தருவாங்க. பட்டையும் சர்க்கரையும் கலந்து புரட்டுறது மெக்சிகோ பக்கத்துப் பழக்கம், மெக்சிகோ சிட்டில எல் மோரோன்னு 1935லேர்ந்து ஓடுற கடை அதுக்கு ஃபேமஸ். நாம செய்யுறது அந்த வகை, நீளமா இல்லாம ஒரு வாய்க்கு ஒண்ணுன்னு வெட்டிப் போடுறோம்.

கதையெல்லாம் அப்புறம், அளவு சொல்லுங்க மொதல்ல

சரிடி. தண்ணி 1 கப் (240 மில்லி), மைதா 1 கப் (130 கிராம் பக்கம்), எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன், சர்க்கரை 1 டேபிள்ஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன். புரட்டுறதுக்கு சர்க்கரை அரை கப், பட்டைத்தூள் 1 டீஸ்பூன், காரமாப் பிடிக்கும்னா ஒன்றரை. நாலு பேருக்கு தாராளமா வரும்.

தண்ணி, சர்க்கரை, உப்பு, எண்ணெய் எல்லாம் அடி கனமான பாத்திரத்துல போட்டு தளதளன்னு கொதிக்க விடுங்க. அடுப்ப அணைச்சுட்டு மைதா முழுசும் ஒரே தடவைல கொட்டி மரக் கரண்டியால வேகமா கிளறுங்க, ஒரு நிமிஷத்துல உருண்டையா சேந்து பாத்திரத்த விட்டு வந்துடும், அடில லேசா வெள்ளையா ஒரு படலம் ஒட்டியிருக்கும், அது வந்தா சரியா வந்துருக்குன்னு அர்த்தம். கை பொறுக்குற சூடு வர்றவரைக்கும் ஒரு பத்து நிமிஷம் மூடி வச்சுட்டு அச்சுல போட்டு, எண்ணெய்க்கு மேலயே பிடிச்சு புழிஞ்சு, ஒரு அங்குலத்துக்கு ஒண்ணா கத்திரிக்கோலால நறுக்கி நறுக்கி விட வேண்டியதுதான். கத்திரிக்கோல எண்ணெய்ல தொட்டுக்கிட்டா மாவு ஒட்டாது. ரெண்டு மூணு நிமிஷத்துல பொன்னிறம் வந்ததும் எடுத்து, வடிச்சு, சர்க்கரைல புரட்டிடுங்க. அடுப்பு பத்த வச்சதுலேர்ந்து தட்டுக்கு வர்றவரை அரை மணி நேரம் போதும்.

எதுக்கு கொதிக்கிற தண்ணி? பச்சத் தண்ணில சப்பாத்தி மாதிரி பிசஞ்சு புழிஞ்சா ஆகாதா

கொழுக்கட்டைக்கு மேல்மாவு கிளறுறப்ப பச்சத் தண்ணி ஊத்துவீங்களா? அதே கதை தான். மாவுல இருக்க ஸ்டார்ச் 60 டிகிரி சூடு தாண்டினாதான் தண்ணிய உறிஞ்சி உப்ப ஆரம்பிக்கும், அப்படி வெந்த மாவு பச்ச மாவ விட நிறைய தண்ணியப் பிடிச்சு வச்சுக்கும், ஆனாலும் கையில ஒட்டாம புழியுற பதத்துல இருக்கும். எண்ணெய்ல விழுந்ததும் அந்தத் தண்ணி ஆவியாகி வெளிய வரும், அதுலதான் உள்ள மெத்துன்னு ஆகுது, மேல ஓடு பிடிக்குது.

பச்சத் தண்ணில பிசஞ்சா மைதா ஜவ்வு மாதிரி இழுக்கும், பொரிச்சா கலகலா மாதிரி கடக்கு முடக்குன்னு வரும். அதுவும் நல்லாதான் இருக்கும், ஆனா சுர்ரோஸ் இல்ல. தண்ணி சூடா இருந்தா போதும்னு பாதிக் கொதில மாவக் கொட்டுறவங்களும் இருக்காங்க, அப்படிப் பண்ணாதீங்க, பெரிய கொதி வரட்டும்.

முட்டை போடணுமா? யூட்யூப்ல பாதிப் பேரு போடுறாங்க, பாதிப் பேரு போடல

ரெண்டும் உண்டு. ஸ்பெயின்ல கடைகள்ல போடுற மாவு வெறும் மைதா, தண்ணி, உப்பு தான். முட்டையும் வெண்ணெயும் போடுறது, எக்லேர்னு உள்ள க்ரீம் வச்ச பேஸ்ட்ரி இருக்குல்ல, அந்த மாவு வகை, அதுல உள்ள இன்னும் பஞ்சு மாதிரி வரும், மேல மொறுமொறுப்பு சீக்கிரம் போயிடும். அவசரத்துக்கு செய்யுறதுன்னா முட்டை இல்லாததே நல்லதுன்னு நான் சொல்லுவேன், வேலையும் கம்மி.

இல்ல முட்டை போட்டுதான் தீருவேன்னா, அதே 1 கப் தண்ணி 1 கப் மைதாவுக்கு எண்ணெய்க்கு பதிலா 60 கிராம் வெண்ணெய், 2 முட்டை. மாவு நல்லா ஆறினப்புறம் ஒண்ணொண்ணா அடிச்சு சேக்கணும், சூட்டுல ஊத்தினா முட்டைப் பொரியல் தான் கிடைக்கும்.

மாவு கல்லு மாதிரி ஆயிடுச்சு, புழியவே முடியல. என் வீட்டுக்காரர் புழிஞ்சே அச்சு வளைஞ்சுடுச்சு

பாவம் அண்ணன். ஒண்ணு தண்ணி ரொம்ப நேரம் கொதிச்சு வத்தியிருக்கும், இல்ல மைதாவ கப்புல அமுக்கி அமுக்கி அளந்திருப்பீங்க, இல்லன்னா மாவு முழுசா ஆறிப் போயிருக்கும். இந்த மாவு வெதுவெதுன்னு இருக்கப்பவே புழியணும், ஜில்லுன்னு ஆச்சுன்னா இறுகிடும். சுடுதண்ணி ஒவ்வொரு டேபிள்ஸ்பூனா தெளிச்சு நல்லா பிசஞ்சு பாருங்க, வழிக்கு வந்துடும்.

கட்டி தட்டிடுச்சுன்னா மைதாவ கொஞ்சம் கொஞ்சமா தூவியிருப்பீங்க. சலிச்சு வச்சுட்டு மொத்தமா கொட்டணும். கட்டி இருக்க மாவ அப்படியே பொரிக்காதீங்க, ஆறினதும் கையில கொஞ்சம் எண்ணெய் தடவிட்டு உள்ளங்கையால தேச்சு தேச்சு பிசஞ்சா போயிடும்.

நட்சத்திர நாசில் எங்கிட்ட இல்ல. பால் கவர் ஓரத்துல ஓட்டை போட்டு புழிஞ்சா போதும்ல?

போதாது. இத மட்டும் தயவுசெஞ்சு முழுசா படிங்க.

மொதல் தடவ நான் செஞ்சப்ப எனக்கும் அந்த அவசரம் தான், முள்ளு அச்சத் தேட சோம்பேறித்தனப்பட்டு ஒரே ஓட்டை வட்ட அச்சுல வழவழன்னு புழிஞ்சேன், அதுவும் நீளமா. மொதல் நாலு நல்லா வந்துச்சு. அஞ்சாவது எண்ணெய்ல திரும்புறப்ப 'டப்'புன்னு ஒரு சத்தம், துண்டு ரெண்டா பொளந்து ஒரு பாதி அடுப்பு மேடைல கெடக்கு, எண்ணெய் செவுத்து டைல்ஸ் வரைக்கும் தெறிச்சு என் முழங்கைல ரெண்டு இடத்துல கொப்புளம். சீடை வெடிக்கிறதப் பாத்து வளந்தவளுக்கு அன்னைக்குதான் உறைச்சுது, இதுவும் அதே ஜாதி தான்னு.

காரணம் ஆவி. வழவழன்னு உருண்டையா இருந்தா மேல் ஓடு மொதல்ல இறுகி மூடிக்கும், உள்ள இருக்க தண்ணி ஆவியாகி வெளிய வர வழியில்லாம அழுத்தம் ஏறி ஒரு நேரம் வெடிக்கும். நட்சத்திர அச்சுல வர்ற வரிவரியான பள்ளம் அழகுக்கு மட்டும் இல்ல, அந்தப் பள்ளத்தால சூடு உள்ள வரைக்கும் ஒரே மாதிரி போகும், ஓடும் ஒரே கெட்டியா இறுகாது, ஆவிக்கு வழி இருக்கும். சிலி நாட்டுல 2004ல ஒரு பத்திரிகை சரியா சோதிச்சுப் பாக்காம சுர்ரோஸ் செய்முறை போட்டு, அதுல சொன்ன சூட்டுல பொரிச்சவங்க நெறைய பேருக்கு வெடிச்சு தீக்காயம் ஆயிடுச்சு, கேசு நடந்து 2011ல அங்க உச்ச நீதிமன்றமே நஷ்டஈடு குடுக்கச் சொல்லிடுச்சு. அதனால நான் பயமுறுத்துறேன்னு நெனைக்காதீங்க.

நம்ம வீட்டு முறுக்கு உரல்ல ஒத்த நட்சத்திரம் போட்ட அச்சு ஒண்ணு இருக்கும், முள்ளு முறுக்குக்கு போடுறது, அதுவே போதும். இல்லன்னா பாத்திரக் கடைல அச்சு தனியா கேட்டு வாங்கிக்கலாம். பால் கவர்ல புழிஞ்சா வெடிக்கிறது இருக்கட்டும், இந்தக் கெட்டி மாவுக்கு கவரே கிழிஞ்சு கையில சூடு மாவு வந்துடும். குட்டியா வெட்டுறதுலயும் ஒரு லாபம் இருக்கு, ரெண்டு முனையும் வெட்டுப்பட்டு தெறந்து இருக்கும், அந்தப் பக்கமும் ஆவி போகும். ஆனா அத நம்பி வட்ட அச்சுல புழியாதீங்க.

எண்ணெய் காஞ்சுதான்னு எப்படி பாக்குறது, தெர்மாமீட்டர் வாங்கணுமா

இருந்தா நல்லது, 180லேர்ந்து 190 டிகிரி. இல்லன்னா பட்டாணி அளவு மாவப் போடுங்க. அடிக்குப் போயிட்டு ரெண்டு மூணு செகண்டுல சுத்தி குமிழி கட்டிக்கிட்டு மேல வந்தா சரி. அடிலயே தூங்கினா இன்னும் காயல, போட்டதும் சர்ருன்னு செவந்துச்சுன்னா ரொம்பக் காஞ்சுடுச்சு, அடுப்ப அணைச்சுட்டு ரெண்டு நிமிஷம் நில்லுங்க. புகை வர்ற எண்ணெய்ல எக்காரணம் கொண்டும் போடாதீங்க, மேல சொன்ன வெடி விவகாரத்துக்கு சூடும் ஒரு காரணம்.

சூரியகாந்தி எண்ணெய், ரீஃபைண்டு கடலை எண்ணெய் ரெண்டும் ஓகே. நல்லெண்ணெய் வேணாம், பட்டை வாசனையோட சண்டை போடும். ஒரு ஈடுக்கு பத்துப் பன்னெண்டு துண்டுக்கு மேல போடாதீங்க, எண்ணெய் சூடு எறங்கிடும், எறங்கினா துண்டெல்லாம் எண்ணெய் குடிச்சு சொதசொதன்னு ஆயிடும்.

மேல நல்லா செவந்துடுச்சு, கடிச்சா உள்ள மாவு மாவா இருக்கு

சூடு அதிகம், மேல உள்ள பட்டாணி டெஸ்ட் பண்ணிப் பாருங்க. இன்னொண்ணு, இனிப்பா இருக்கட்டும்னு மாவுலயே மூணு நாலு ஸ்பூன் சர்க்கரை போட்டா சீக்கிரம் செவந்துடும், உள்ள வேகுறதுக்குள்ள எடுத்துடுவீங்க. மாவுக்கு 1 டேபிள்ஸ்பூன் போதும், இனிப்பு வெளிய இருந்து வரட்டும்.

ஆனா ஒண்ணு, உள்ள லேசா ஈரமா இருக்கறது தப்பு இல்ல, அது அப்படித்தான். பச்ச மாவு வாசனை வந்தாதான் வேகலைன்னு அர்த்தம். ஈடுக்கு ஒண்ண பிச்சுப் பாத்துட்டு மீதிய எடுங்க.

பட்டை கடைத்தூளா வீட்ல அரச்சதா? என் பொண்ணு வாயில வச்சுட்டு "பிரியாணி வாசம் வருது"ங்குறா

ஹா ஹா, மொதல்ல மிக்ஸி ஜார மோந்து பாருங்க, கரம் மசாலா அரச்ச ஜார்லயே பட்டையும் அரச்சிருப்பீங்க. எங்க வீட்லயும் இந்தக் கூத்து நடந்துச்சு.

ஜார் சுத்தமா இருந்தா பட்டையப் பாருங்க. நம்ம மளிகைக் கடைல வர்றது பெரும்பாலும் கேசியா, மரப்பட்டை மாதிரி தடியா இருக்கும், உடைக்கவே கை வலிக்கும், காரம் தூக்கலா இருக்கும். இலங்கைப் பட்டை வேற, காகிதம் மாதிரி மெல்லிசா பல அடுக்கு சுருட்டு மாதிரி சுத்தியிருக்கும், விரல்லயே நொறுங்கும், வாசனை இனிப்பா இருக்கும். யாழ்ப்பாணத்துக்காரங்க கறுவான்னு சொல்றது அததான். மெக்சிகோக்காரங்க இனிப்புக்கு கனேலான்னு போடுறதும் அதே இலங்கைப் பட்டைதான், இலங்கைலேர்ந்து நெறைய வாங்குற நாடு அது. அதனால இந்தப் பலகாரத்துக்கு சரியான பட்டை நமக்கு பக்கத்துலதான் இருக்கு, விலை கூட, ஆனா 50 கிராம் வாங்கினா பல மாசம் வரும்.

கேசியா தான் இருக்குன்னா 1 டீஸ்பூன முக்கால் ஆக்கிக்கோங்க, சர்க்கரையோடயே சேத்து அரச்சு சலிச்சா நறநறப்பு இருக்காது. கேசியால கூமரின்னு ஒண்ணு அதிகம் இருக்கு, தினமும் ஸ்பூன் கணக்குல சாப்பிட்டா கல்லீரலுக்கு ஆகாதும்பாங்க, எப்பவாவது சுர்ரோஸ் மேல தூவுறதுக்கு கவலப்பட வேணாம்.

ஒரு தடவ சர்க்கரை ஒட்டவே இல்ல, இன்னொரு தடவ தண்ணி விட்டு பிசுபிசுன்னு ஆயிடுச்சு. என்னதான் பண்றது

ரெண்டும் டைமிங் தான். எண்ணெய்லேர்ந்து எடுத்ததும் டிஷ்யூல போட்டு மனசுக்குள்ள ஒண்ணுலேர்ந்து நாப்பது எண்ணுங்க, அப்பவே சர்க்கரைல போட்டு கிண்ணத்த குலுக்குங்க. அந்த நேரத்துல மேல மெல்லிசா எண்ணெய்ப் பளபளப்பு இருக்கும், அதுலதான் சர்க்கரை ஒட்டும். ஆறிட்டா ஒட்டாது, உடனே போட்டா ஆவில சர்க்கரை கரஞ்சிடும்.

பொடிச்ச சர்க்கரை சீக்கிரம் கரையும், முழுச் சர்க்கரை உதிரும், அதனால மிக்ஸில ஒரே ஒரு சுத்து விட்டு ரவை பதத்துல வச்சுக்கோங்க. நாட்டுச் சர்க்கரைல ஈரம் இருக்கறதால நல்லா ஒட்டும், ருசியும் பிரமாதம், ஆனா பத்து நிமிஷத்துல சாப்பிட்டு முடிச்சுடணும்.

கோதுமை மாவுல செய்யலாமா, பையனுக்கு மைதா வேணாம்னு பாக்குறேன்

வரும். தண்ணி ரெண்டு மூணு டேபிள்ஸ்பூன் கூடப் போடணும், நிறம் கருக்கலா இருக்கும், கொஞ்சம் கனமா இருக்கும். பாதி மைதா பாதி கோதுமைன்னா வித்தியாசம் தெரியாது. மத்தபடி எண்ணெய்ல பொரிச்சு சர்க்கரைல புரட்டுறத கோதுமைல செஞ்சுட்டு சத்துள்ளதுன்னு நம்மள நாமளே ஏமாத்திக்க வேணாம்.

அண்ணி, லண்டன்ல எங்க வீட்ல செல்ஃப் ரைசிங் ஃப்ளவர் தான் இருக்கு, போடலாமா

அதுல பேக்கிங் பவுடர் ஏற்கனவே கலந்திருக்கும்மா. முழுசும் அதப் போட்டா புசுபுசுன்னு உப்பி வரி எல்லாம் மறைஞ்சு வழவழன்னு ஆயிடும், வழவழன்னு ஆனா என்ன ஆகும்னு நாசில் கேள்விக்குக் கீழ சொல்லியிருக்கேன். ப்ளெயின் ஃப்ளவர் ஒரு பாக்கெட் வாங்கிக்கோ, அதான் நல்லது. இங்க இருக்கவங்களும் சோடா உப்பு போடட்டுமான்னு கேக்குறீங்க, அதுக்கும் இதே பதில், தேவையே இல்ல.

ஏர் ஃப்ரையர்ல வருமா?

முட்டை போடாத மாவுல வராது, வெளிறிப்போய் ரப்பர் மாதிரி நிக்கும், நான் ஒரு தட்டு வீணாக்கிப் பாத்தாச்சு. முட்டையும் வெண்ணெயும் போட்ட மாவுன்னா எண்ணெய் தெளிச்சு 190 டிகிரில பத்து நிமிஷம் வைங்க, பரவாயில்லாம வரும். மேல எண்ணெய்ப் பசை கம்மியா இருக்கும், அதனால உருக்குன வெண்ணெய் லேசா தடவிட்டுதான் சர்க்கரைல புரட்டணும். அந்த வெண்ணெயயும் கணக்குல சேத்துப் பாத்தா என்ன மிச்சம்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

பர்த்டேக்கு 30 பசங்க வர்றாங்க, முன்னாடியே செஞ்சு வைக்கலாமா

பொரிச்சு வைக்காதீங்க, ஒரு மணி நேரத்துல நமுத்துடும். மாவ அச்சுல புழிஞ்சு, வெண்ணெய்த் தாள் போட்ட தட்டுல துண்டு துண்டா வெட்டி ஒண்ணோட ஒண்ணு படாம ஃப்ரீசர்ல வைங்க, கெட்டியானதும் டப்பால மாத்திடுங்க. ஒரு மாசம் வரைக்கும் தாங்கும். வெளிய வச்சு இளக விட வேணாம், அப்படியே எண்ணெய்ல போடலாம், ஆனா மேல படிஞ்ச ஐஸ் தூள உதறிட்டுப் போடுங்க, இல்லன்னா எண்ணெய் தெறிக்கும், ஒரு ஈடுக்கு ஆறேழு தான் போடணும், ஒரு நிமிஷம் கூட ஆகும்.

30 பேருக்குன்னா ஆறேழு கப் மைதா ஆகும், அத ஒரே பாத்திரத்துல கிளற முயற்சி பண்ணாதீங்க, கை கழண்டுடும். ரெண்டு கப்பா தனித்தனி ஈடு போடுங்க. பொரிச்சது மிஞ்சிடுச்சுன்னா அவன்ல 180 டிகிரில அஞ்சு நிமிஷம் வச்சா திரும்ப மொறுமொறுன்னு வரும், மைக்ரோவேவ்ல வச்சா தோல் மாதிரி ஆயிடும்.

தொட்டுக்க சாக்லேட் எப்படி, வெறும் சிரப் ஊத்தினா போதாதா

ஊத்தலாம், யாரு தடுக்கப் போறா. ஆனா ஸ்பெயின் பதத்துக்கு வேணும்னா 1 கப் பால், 80 கிராம் டார்க் சாக்லேட், 1 டீஸ்பூன் கார்ன் ஃப்ளவர். மாவ ரெண்டு ஸ்பூன் ஆறின பால்ல கரைச்சுட்டு மீதிப் பால் கொதிக்கிறப்ப ஊத்தி, சாக்லேட் போட்டு, சிம்ல கிளறிட்டே இருங்க, கரண்டி முதுகுல விரலால கோடு போட்டா அழியாம நிக்கணும். சர்க்கரை சேக்காதீங்க, சுர்ரோஸ்லயே இருக்கு.

மிச்ச எண்ணெய், மிச்ச பட்டைச் சர்க்கரை ரெண்டையும் என்ன பண்றது

எண்ணெய வடிகட்டி அடில தங்குன மாவுத்தூள எடுத்துட்டு, ரெண்டு நாளுக்குள்ள அப்பளம் பொரிக்கவோ தாளிக்கவோ தீத்துடுங்க. புரட்டுன சர்க்கரைல எண்ணெயும் தூளும் கலந்திருக்கும், அதனால ஃப்ரிட்ஜ்ல வச்சு ரெண்டு மூணு நாள்ல பிரெட் டோஸ்ட் மேல தூவி முடிச்சுடுங்க. காபிக்கு வேணாம். எங்க மாமியார் தெரியாம ரெண்டு ஸ்பூன் போட்டுக் குடிச்சுட்டு, "ஏண்டி, டம்ளர்ல எண்ணெய் மிதக்குது, பால்காரன் என்னத்த கலக்குறான்"னு கேட்டாங்க.